சலவைக்கடைச் சுவரில் சிவப்புக் கோடு

பாலம் வந்தால் ஜீப் நிற்க வேண்டும். பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனை அமுக்கி உயிரை வாங்கினாலும் சரி, மழை பிடித்துக்கொண்டாலும் சரி. அவள் இறங்கி, கைப்பிடிச் சுவரில் வயிறு பதியச் சாய்ந்து, தோள்பைக்குள் கையை விட்டு ஒரு கயிற்றுச் சுருளை எடுப்பாள். கயிற்றின் நுனியில், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் தொங்கவிடும் இரும்புத் தூக்குக்குண்டு. அதை மெதுவாக ஆற்றுக்குள் இறக்குவாள். அடியில் தட்டியதும் சுண்டிப் பார்ப்பாள். கைப்பிடியின் விளிம்பைக் கயிறு தொடும் இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பாள்.

"என்ன மேடம், மீன் மாட்டுச்சா?" என்று சைக்கிளில் போகிற யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

"மீன் நீந்த இடமே இல்ல. மண்ணு ஏறிக்கிட்டே வருது, வந்து பாருங்க."

யாரும் வந்து பார்ப்பதில்லை. பார்த்தால் புரியும். ஒவ்வொரு பாலத்துக்கும் அவளிடம் தனிக் கயிறு இருக்கிறது. ஒவ்வொரு கயிற்றிலும் சிவப்பு முடிச்சுகள் வருஷத்துக்கு வருஷம் குண்டை நெருங்கிக்கொண்டே வருகின்றன. பாலம் கீழே இறங்கவில்லை. ஆற்றின் தரைதான் மேலே வந்துகொண்டிருக்கிறது.

மலையடிவாரத்து ஆற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் வரைபடப் பிரிவு அவளுடையது. கனமழையில் எந்தெந்தத் தெருவுக்கு ஆறு வரும் என்று கண்டுபிடித்துச் சிவப்பு அடிப்பது வேலை. சிவப்புக்குள் வந்துவிட்டால் புதுக் கட்டடம் எழுப்ப முடியாது, மழைக்காலத்தில் தரைத்தளத்தில் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது. இப்படி ஒரு வேலை பார்ப்பவளை ஊர் என்ன கொஞ்சவா செய்யும்? ‘சிவப்பு பென்சில்’ என்று பெயர் வைத்துவிட்டது. கடைக்குள் அவள் நுழைந்தால், "ஐயோ, பென்சிலை வெளியிலயே வெச்சிட்டு வாங்க" என்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். கடைத் தரையையும் வெளியே தெருவின் சரிவையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாமான் கேட்பாள்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குட்டை உருவம், கட்டையான விரல்கள், முணுக்கென்றால் மூக்குக்கு மேல் வரும் கோபம். கால்சட்டையின் பைகள் எப்போதும் கூழாங்கல்லால் பிதுங்கியிருக்கும். வீட்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாக ஜாம் புட்டிகள், எல்லாவற்றிலும் ஆற்று மண். ஒருமுறை வீட்டுக்கு வந்த விருந்தாளி காப்பித்தூள் என்று நினைத்து அதில் ஒரு கரண்டி எடுத்துவிட்டார். வேறொருத்தியாக இருந்தால் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பாள். இவளோ, "இது ரொம்ப தூரத்துல இருந்து உருண்டு வந்ததுங்க. அதான் இவ்வளவு நைஸா இருக்கு" என்று பாடம் எடுத்தாள். அந்த விருந்தாளி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஜீப் ஓட்டுநருக்கு அவளிடம் ஒரு மனத்தாங்கல். "இந்தம்மா நடக்குறதுக்கு எனக்கு எதுக்கு ஜீப்பு?" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அதுவும் உண்மைதான். மலை உச்சியில் இறக்கிவிடச் சொல்வாள். பிறகு ஆற்றோடு ஆறாகக் கீழே நடந்து வருவாள். ஜீப் சாலையில் காலியாக இறங்கி வர வேண்டும். ஒருநாள் பொறுக்காமல் அவரும் கூடவே நடந்தார்.

"கீழ இருந்து பாத்தா தண்ணிதான் தெரியும். மேல இருந்து வந்தாத்தான் மண்ணு தெரியும்" என்றாள் அவள். "வேகம் இருக்குற வரைக்கும் தண்ணி கல்லு, மண்ணு, மரம் எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு ஓடும். சரிவு குறைஞ்சு தரை படுத்துச்சுன்னா சுமை தாங்காது. மூட்டையை அங்கேயே இறக்கி வெச்சிடும்."

"இறக்கி வெச்சா நல்லதுதானே மேடம்? தண்ணி மட்டும்தானே ஊருக்குள்ள வரும்?"

"எங்க இறக்குது? ஆத்துக்குள்ளயே இறக்குது. ஆத்துக்குள்ள மண்ணு ரொம்பிடுச்சுன்னா அப்புறம் வர்ற தண்ணி எங்க போகும்?"

ஓட்டுநர் யோசித்தார். "தெருவுக்கு."

"அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம்."

அப்படிப்பட்ட இடங்களை அவள் மோப்பம் பிடிக்கிற விதம் வேடிக்கையாக இருக்கும். செங்குத்தாக வந்த ஆறு திடீரென்று தளர்ந்து நடக்கும் இடத்தில் நின்றுகொள்வாள். பள்ளத்தாக்கு நெருக்கமாக வந்து சட்டென்று விரியும் இடத்தில் இரண்டு கையையும் அகல விரித்துப் பார்ப்பாள். ஓடை வந்து ஆற்றில் சேரும் இடத்தில் உட்கார்ந்தே விடுவாள். மரக்கட்டை வந்து சிக்கிக்கொள்ளும் அளவுக்குத் தூண்கள் நெருங்கி நிற்கும் பாலத்தைக் கண்டால் அதைக் கட்டியவரை வாய்விட்டுத் திட்டுவாள். கரையோரத்து மரங்களின் அடியில் கையால் தோண்டுவாள். தூர் மண்ணுக்குள் புதைந்து, மரம் கம்பம் நட்டதுபோல நின்றால், "இதோ, முன்னாடியும் வந்திருக்கு பாரு" என்று நகத்து மண்ணைக் காட்டுவாள்.

இந்த அடையாளங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்று ஊரில் உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஓடை அங்கேதான் பெரிய ஆற்றைச் சேர்கிறது. சரிவு அங்கேதான் முடிகிறது. கொஞ்சம் கீழே குறுகலான பாலம். ஓடையின் மேல்முனையில் போன மழையில் மலைச்சரிவு ஒன்று அப்படியே வழுக்கி விழுந்து கிடக்கிறது. அதன்மேல் புல் முளைத்துவிட்டதால் கதை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மலையளவு மண், அடுத்த பெருமழைக்காக மூட்டை கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அது வந்து இறங்கப்போகிற இடத்துக்குப் பெயர் சலவைக்கடைத் தெரு. அந்தச் சலவைக்கடை அவளுடைய அக்காவினுடையது.

இங்கேதான் அவளுடைய வேலை அவள் கழுத்துக்கே வந்தது.

அக்கா அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்ததும், ஊருக்கெல்லாம் துணி வெளுத்துப் படிக்க வைத்ததும் அக்காதான். இப்போது தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் வருகின்றன. கீழே பெரிய இயந்திரங்கள், பாய்லர், அதற்குப் பின்னால் அக்காவும் வேலை செய்யும் நான்கு பெண்களும் படுக்கும் அறை. மாடியில் இஸ்திரி போட்டு அடுக்கிய துணி. மாடியில் யாரும் படுக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். "வெளுத்த துணி இருக்குற எடத்துல ஆளு படுத்தா அது வெளுத்த துணியா?" ஒரு விரிப்பில் ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்ததற்காக அக்கா அறுபது விரிப்புகளைத் திரும்ப நனைத்த கதை தெருவுக்கே தெரியும்.

அந்தத் தெரு சிவப்புக்குள் வருகிறது என்றபோது முதலில் ஊர் நம்பவில்லை. அலுவலகத்தின் பழைய வரைபடத்தில் சலவைக்கடைத் தெரு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏன் இருக்காது? ஆற்றோரம் கனமான தடுப்புச்சுவர் இருக்கிறது. அதன்மேல் ஆளுயர எழுத்தில் ‘உயரம் 18 அடி’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் வந்தாலும் பதினான்கு அடிக்கு மேல் ஏறாது என்று கணக்கு. கணக்கு சரிதான். சுவர் கட்டியபோது பதினெட்டு அடியாக இருந்ததும் சரிதான். அதற்குப் பிறகு அலுவலகத்தில் வந்தவர் போனவர் எல்லோரும் சுவரில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் கணக்கில் போட்டார்கள். எழுதியே வைத்திருக்கும்போது யார் மெனக்கெட்டு அளப்பார்கள்? இவள் கயிற்றை இறக்கிப் பார்த்தாள். பதினொன்று. மீதிச் சுவர் மண்ணுக்குள் போயிருந்தது.

தலைமைப் பொறியாளர் முட்டாள் இல்லை. கயிற்றைக் கையில் வாங்கி முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். "தெரியும்மா. நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"கவனிச்சீங்கன்னா ஏன் சார் மாத்தல?"

"தண்ணிக்குப் போட்ட கணக்கு தப்பில்லையே."

"வர்றது தண்ணி மட்டும் இல்லையே சார். மண்ணுக்கு யாரு கணக்கு போடுவாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். ஒரு தெருவே திரண்டு வந்து அலுவலக வாசலில் நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாவம், நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுக்கு எப்போதும் பெரிய பாடு.

தெருவுக்கு விஷயம் கசிந்ததும் ஆளாளுக்குப் பேசினார்கள். "அக்கா கடைக்கு மட்டும் கோடு வளைஞ்சு போகும், பாருங்க" என்றார் மூலை வீட்டுத் தையற்காரர். வேறு சிலர் பழைய கதையைத் தோண்டினார்கள். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மழையில் இவள் கீழ்க்கரைக்காரர்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிக்கொண்டு போனாள். கொசுக்கடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளம் வரவே இல்லை. அதை வைத்து இன்றுவரை அவளை ஓட்டுகிறார்கள்.

அவள் அதற்கு வெட்கப்பட்டதே இல்லை. "வரலைன்னா எனக்கு சந்தோஷம்தான். நல்லா சிரிச்சிட்டுப் போங்க. சிரிக்க ஆளு இருக்கீங்கல்ல, அது போதும்" என்பாள்.

புது வரைபடத்தில் சிவப்பு அடிக்க உட்கார்ந்த அன்று, தெருவின் முனையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நடுவிலிருந்த அக்கா கடையைத்தான் முதலில் தீற்றினாள். அதற்குப் பிறகுதான் தையற்காரர் வீடு, மற்றவர்கள் வீடு. அடித்து முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சலவைக்கடைக்குப் போனாள். கடைக்கும் சிவப்பு விழுந்துவிட்ட செய்தி வேறு யார் வாயிலிருந்தும் அக்காவுக்குப் போய்ச் சேரக் கூடாது.

அக்கா அப்போது கொல்லைப்புறத்தில் சாக்கடை வாரிக்கொண்டிருந்தாள். இயந்திரங்களின் கழிவுநீர் ஓடும் சிமெண்டு வாய்க்கால் அது. வாரம் ஒருமுறை அது அடைத்துக்கொள்ளும். துணியிலிருந்து கழன்ற பஞ்சுப் பிசிறு சேற்றோடு சேர்ந்து கெட்டியாகிக் கிடக்கும்.

"ஊர்ல உனக்கு வேற எடமே கெடைக்கலையாடி?" அக்கா மண்வெட்டியைக் கீழே போடவில்லை. "பின்னாடி கொட்டகை எறக்கி ரெண்டு மெஷின் போடலாம்னு இருந்தேன். இப்போ விடுவானா?"

"விட மாட்டாங்க. விடவும் கூடாது. அதைவிட முக்கியம், மழைக்காலத்துல கீழ படுக்காத அக்கா. அந்தப் பொண்ணுங்களையும் படுக்க வைக்காத."

"மேல துணி இருக்கு."

"துணி நனைஞ்சா திரும்ப வெளுக்கலாம்."

அக்கா ஒரு மண்வெட்டிச் சகதியை வாரித் தள்ளினாள். தங்கை குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். வாய்க்கால் ஆழமாகத்தான் இருந்தது. கடைக்குள்ளிருந்து சரிவாக இறங்கி வந்து, கொல்லையில் தரை மட்டமாகிற இடத்தில் பிசிறு மண்டிக் கிடந்தது.

"எப்பவும் இங்கதானே அடைக்குது?"

"ஆமா, இங்கதான். பொறந்ததுல இருந்து இங்கதான். அதுக்கென்ன?"

"மேல ஏன் அடைக்கல? கீழ ஏன் அடைக்கல? இங்க வந்து சரிவு நிக்குது. பிசிறும் நிக்குது. தண்ணி ஒரு சொட்டு கூடல, ஆனா வாய்க்காலைத் தாண்டி உன் காலை நனைக்குது. அக்கா, அந்த ஓடைக்கு நம்ம தெரு இதே எடம்தான்."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தச் சாக்கடையை வாரியவளுக்குப் புரியாமல் போகுமா? புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"அடைச்சா வாருவேன்! இதை வாரல? அதே மாதிரி அதையும் வாருவேன். மலையே வந்தாலும் வாரிக் கொட்டுவேன். என்னை யாருன்னு நெனைச்ச? நான் துவைச்ச துணியிலதான்டி நீ படிச்ச. அந்தப் படிப்பை வெச்சு என் கடைக்கே கோடு போடுறியா?"

தங்கைக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ படிக்க வெச்சதாலதான் போடுறேன். இல்லன்னா நானும் இங்கதான் படுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரே அச்சு. ஒருத்தியாவது கொஞ்சம் இறங்கி வருகிற ஜாதியாகப் பிறந்திருக்கலாம்.

அவளுடைய அழுக்குத் துணி எப்போதும் அக்கா கடையில்தான் வெளுக்கும். "மெஷின் பூரா மண்ணு! ஆத்தையே சட்டைப் பையில போட்டுக்கிட்டு வர்றா" என்று திட்டிக்கொண்டே அக்காதான் தன் கையால் வெளுப்பாள். அந்த வாரம் துணி மூட்டை வெளுக்காமலே அவள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. போட்ட முடிச்சைக்கூட அக்கா அவிழ்க்கவில்லை. அவள் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டு வாசற்படியிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வாளியை எடுத்துத் தானே துவைத்தாள். துவைக்கத் தெரியவில்லை. சட்டையெல்லாம் சாயம் இறங்கி ஊதாவாகிப் போனது. அந்த ஊதாச் சட்டையைப் போட்டுக்கொண்டே மறுநாள் அலுவலகம் போனாள்.

தலைமைப் பொறியாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, வரைபடத்தை மேசையில் விரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோட்டை எடுக்கச் சொல்லலம்மா. இந்த எடத்துல லேசா ஒரு வளைவு குடுங்க. உங்க அக்கா கடை வெளிய வந்துடும். அவங்க சொன்னா தெரு கேக்கும். மத்தவங்களும் அடங்கிடுவாங்க. காகிதத்துல ஒரு நூல் அளவு. யாருக்குத் தெரியும்?"

நூல் அளவு. அவ்வளவுதான். கொல்லையில் இரண்டு இயந்திரம், வெளுத்துத் திரும்பும் துணி மூட்டை, அக்காவின் குரல் எல்லாம் அந்த நூல் அளவுக்குள் இருந்தன. அவளுக்கு ஆசையே வரவில்லை என்று சொன்னால் அது பொய். மேசைமேல் கிடந்த ரப்பரை எடுத்துக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஆத்துக்குத் தெரியாதே சார், நாம வளைச்சிருக்கோம்னு" என்றாள் கடைசியில். ரப்பரை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அலுவலக ரப்பர். அவர் திருப்பிக் கேட்கவில்லை.

நகர மன்றக் கூடத்தில் கூட்டம் போட்டு வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். கூடம் கொள்ளவில்லை. ஜன்னலிலும் ஆள். அக்கா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை கயிற்றைக் காட்டினாள். யாரும் கயிற்றைப் பார்க்கவில்லை, எல்லோரும் சிவப்பைத்தான் பார்த்தார்கள். "பதினெட்டு அடின்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?" என்றார் ஒருவர். "எழுத்து அழியல, சுவர்தான் புதைஞ்சு போச்சு. போய் அளந்து பாருங்க" என்றாள் இவள். "வராத வெள்ளத்துக்கு ஒரு வரைபடமா?" என்றார் இன்னொருவர். கூடம் சிரித்தது. தையற்காரர் மட்டும் எழுந்து, சலவைக்கடையும் சிவப்பிலேயே இருப்பதைக் கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார்.

கடைசியில் தலைமைப் பொறியாளர் எழுந்தார். மழைக்காலம் முடிந்த பிறகு மறுபடியும் ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கி, சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மழை வரும் முன் தெரிய வேண்டியதை மழை போன பின் பார்க்கலாமாம். இதற்கு ஒரு கூட்டம் வேறு.

மறுநாள் காலை ‘சிவப்பு பென்சில்’ தன் பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் முக்காலியும் எடுத்துக்கொண்டு சலவைக்கடைத் தெருவுக்கு வந்தாள். வரைபடத்தைச் சுருட்டலாம். சுவரைச் சுருட்ட முடியாது. முக்காலியின்மேல் ஏறி, மண்ணும் தண்ணீருமாகச் சேர்ந்து ஏறக்கூடிய மட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். முதல் கோடு அக்கா கடைச் சுவரில். ஜன்னல் சட்டத்துக்கு மேலே, அவள் தலைக்கும் மேலே போனது கோடு. அதைப் பார்த்த பிறகுதான் தெருவில் சில பேர் கோட்டுக்குக் கீழே போய் நின்று, தலைக்கு மேலே கையை நீட்டி அளந்து பார்த்தார்கள். வரைபடத்தில் சிவப்பு என்பது வெறும் நிறம். சுவரில் வந்ததும் அது தன் மூக்குக்கு மேலே எவ்வளவு என்று தெரிந்துவிடுகிறது.

அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "யாரைக் கேட்டுச் சுவர்ல அடிச்சீங்க?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"கயித்தைக் கேட்டு, சார்."

"நடவடிக்கை எடுக்கச் சொல்வாங்கம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"எடுங்க சார். மழை நின்னதும் எடுங்க."

ஒருவர் கோட்டின்மேல் வெள்ளையடித்தார். வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. இன்னொருவர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். அன்று மாலையே அவள் திரும்ப வந்து அடித்துவிட்டுப் போனாள். அக்கா அழிக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கொடியைக் கட்டி, நான்கு படுக்கை விரிப்புகளைக் கோட்டுக்கு முன்னால் காயப்போட்டாள். அவை காய்ந்த பிறகும் எடுக்கவில்லை. தங்கை தினமும் அந்த வழியாக வருவாள், விரிப்புகளைப் பார்ப்பாள், போவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் ஊரே சந்தோஷப்பட்டது. இரண்டாம் நாள் ஆற்றின் நிறம் மாறியது. அவள் பாலத்திலிருந்து கயிற்றை இறக்கினாள். குண்டு அடியில் தட்டிய சத்தம் மாறியிருந்தது, கீழே கற்கள் உருண்டுகொண்டிருந்தன. நூலைக் கட்டினாள், கடித்துத் துண்டித்தாள். ஜீப் ஓட்டுநர் ஹாரனை அமுக்காமல், குடையோடு இறங்கி வந்து அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"வருமா மேடம்?"

"தெரியாது. வந்தா எங்க வரும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவள் சலவைக்கடைக்குள் நுழைந்தபோது தோளில் கயிற்றுப் பை, அக்குளில் ஒரு பாய், கையில் தலையணை இருந்தன. விரிப்புகளை மழைக்கு உள்ளே எடுத்துவிட்டதால் வெளியே சுவரில் கோடு பளிச்சென்று தெரிந்தது. கீழறையில் அக்காவும் அந்த நான்கு பெண்களும் அப்போதுதான் படுக்கையை விரித்துக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் பாய்லரைப் பற்ற வைப்பவர்கள் கோழியோடுதான் அடைவார்கள்.

"எதுக்குடி வந்த?" இத்தனை நாளுக்குப் பிறகு அக்கா பேசிய முதல் வார்த்தை.

"படுக்க." அவள் அக்காவின் பாய்க்கு ஒட்டினாற்போலத் தன் பாயை உதறிப் போட்டாள்.

"உன் வீடு மேட்டுலதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்போ இங்க என்ன வேலை?"

"நீ இங்க படுக்குறல்ல? நானும் படுக்குறேன். மண்ணு வராதுன்னா ரெண்டு பேருக்கும் வராது. வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்." படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கூழாங்கல் உருண்டு சிமெண்டுத் தரையில் ஓடியது.

நான்கு பெண்களும் பாயைப் பாதி விரித்தபடியே நின்றுவிட்டார்கள். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அடியில், ஆற்றுப் பக்கமிருந்து, கடகடவென்று ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"என்னை மெரட்டுறியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "பயந்துபோயிருக்கேன். எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

அக்கா குனிந்து, அவள் தலைக்கடியிலிருந்த தலையணையை வெடுக்கென்று உருவினாள். தங்கையின் தலை தரையில் ணங்கென்று மோதியது. அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. தன் தலையணையையும் சேர்த்து இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"எல்லாத்தையும் சுருட்டுங்கடி!" படியிலிருந்தே அதட்டினாள். "மேல விரிப்பு அடுக்குக்கு ஒரு கை தள்ளித்தான் படுக்கணும். ஒரு முடி ஒட்டியிருந்தாலும் தோலை உரிச்சிடுவேன். காலைல பாய்லரை இந்த மகாராணிதான் எறங்கி வந்து பத்த வைப்பா. மண்ணு மட்டும் வரலைன்னு வெச்சுக்கோ, ஊரைக் கூட்டிச் சிரிப்பேன்."

"சிரி அக்கா. நல்லா சிரி."

பெண்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் படியேறினார்கள். அவள் தலையின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே கடைசியாக எழுந்தாள். தரையில் கிடந்த கூழாங்கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டாள், தன் பாயை அக்குளில் இடுக்கினாள். கீழறையின் விளக்கை அணைத்து, கதவை இழுத்துப் படிக்கட்டுப் பக்கமிருந்து பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் கயிற்றின் கடைசிச் சிவப்பு முடிச்சோடு சேர்த்துக் கட்டி, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.